அச்சடித்த மாதிரி

மே 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு தாள். ‘சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுக்க எளிய வழிகள்.’ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று வாசித்தேன். இரத்த தானமாம். எனக்கிருக்கும் சர்க்கரைக்கு என் ரத்தத்தைக் கொசுதான் வாங்கும். மரம் நடுவதாம். போன வருடம் நட்டதை ஆடு தின்றாயிற்று. போட்டோவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர்கூட வேலி போட வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது வயலட் அக்காவின் ராஜ்ஜியம், அதற்குள் வேறு யாரும் நுழைய முடியாது. முதியோரிடம் பேசிக்கொண்டிருப்பதாம். வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசியே எனக்கு அலுத்துவிட்டது.

கடைசி வரியில்தான் கண் நின்றது. ‘பார்வையற்றோருக்குத் தேர்வு எழுதிக் கொடுத்தல். தொடர்புக்கு: ஜாஸ்பர்.’ இந்த ஜாஸ்பர் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

இதற்கு என்னைவிட்டால் பாளையங்கோட்டையில் யார் இருக்கிறார்கள்? நான் வேலை பார்த்த காலம் முழுக்க எங்கள் பள்ளிக்கூடத்தின் சான்றிதழ்களில் பெயர் எழுதியது நான்தான். பிஷப் வந்தால் வரவேற்பு மடல், கலெக்டர் வந்தால் வாழ்த்து மடல், எல்லாம் கிரேஸ் பொன்மணி டீச்சர் கை. நான் ஓய்வு பெற்ற மாதமே பிரின்டர் வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் வாங்கத் துணிச்சல் வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "நீ கிறிஸ்மஸ் கார்டு எழுதி முடிக்கதுக்குள்ள பொங்கல் வந்துரும். உன்னையப் போயி பரீட்சை எழுதச் சொல்லுதானா?" என்றார். மின்வாரியத்தில் பியூஸ் போட்டே காலம் தள்ளிய மனுஷருக்கு எழுத்தின் அருமை எப்படித் தெரியும்?

மே 6, புதன்

ஜாஸ்பருக்கு போன் பண்ணினேன். துள்ளிக் குதிக்கிறான். "டீச்சர், நீங்களே கேட்டு வாரது எங்க பாக்கியம். கல்யாண மாசம், ஒருத்தரும் சிக்க மாட்டக்காவ" என்றான். தேர்வு எழுதுகிறவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதிக் கொடுப்பவர் அந்தப் பாடம் படித்தவராக இருக்கக் கூடாதாம். இது வரலாறாம். எனக்கு வரலாறு என்றால் கொட்டாவிதான் வரும். அதனால் பொருத்தம்.

புதுப் பேனா இரண்டு வாங்கினேன், ஸ்கேலும்.

மே 10, ஞாயிறு

நான் எழுதிக் கொடுக்கப்போகும் பெண் இன்று வந்தாள். பெயர் பிரம்மசக்தி. டவுனிலிருந்து தனியாகவே பஸ் ஏறி, தெரு முனையில் இறங்கி, கைக்கம்பைத் தட்டிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிட்டாள். நான் அழைத்துவரப் போக வேண்டும் என்று செருப்பெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றது வீண்.

வயது முப்பத்து நாலு. சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனதாம். ஓர் அரசு அலுவலகத்தில் போன் எடுத்து இணைப்புக் கொடுக்கும் தற்காலிக வேலை. வீட்டில் ஆறாவது படிக்கும் மகள், படுத்த படுக்கையாக மாமியார். புருஷனைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அஞ்சல்வழியில பி.ஏ. படிக்கேன் டீச்சர். இன்னும் மூணு பேப்பர்தான். ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள பாஸுன்னு காட்டினா வேலைய நிரந்தரமாக்கித் தாரோம்னு சொல்லியிருக்காவ. இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும். அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துரும்."

"அதெல்லாம் ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்று காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது டீச்சர்" என்றாள். வயலட் அக்காவிடம் பொட்டலம் வாங்குகிறவர்கள் உப்பு காணாது என்று சொல்வார்களா?

பழகிப் பார்க்க ஒரு கேள்வி எழுதினோம். ஏதோ விஜயநகரம். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கிச் சொல்கிறாள். நான் எழுதி முடிக்கவில்லை என்றால் மேஜையில் விரலால் டொக் டொக் என்று தட்டுகிறாள். அந்தத் தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்ஸ்பெக்டருக்கே பயப்படாதவள்.

மே 17, ஞாயிறு

மறுபடியும் வந்தாள். தலைப்புக்கு அடிக்கோடு போட ஸ்கேலை எடுத்தேன். மேஜையில் அது உரசிய சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ஸ்கேலா டீச்சர்? அது வேண்டாம். கோடு போடுத நேரத்துக்கு நான் ரெண்டு வரி சொல்லிருவேன்."

"திருத்துகிறவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்லா?"

"அவியளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு பேப்பரு. பாயிண்டு இருக்கான்னு மட்டுந்தான் பாப்பாவ. கோடு வேண்டாம் டீச்சர்."

உதவி வாங்க வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். ஸ்கேலைச் சத்தமில்லாமல் நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு இவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல இவ்வளவுதானா?" என்றார். எத்தனை அழகு என்று கேட்கவில்லை பாருங்கள்.

மே 23

மாங்காய் உப்பில் போட்டேன். மிளகாய்ப் பொடி பட்டு விரலெல்லாம் எரிச்சல்.

ஜூன் 6, சனி

முதல் தாள். கல்லூரி ஒன்றில் மையம் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தனி அறை. மூன்று மணி நேரத்துக்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள்.

பக்கங்கள் பளிச்சென்று வந்தன. ஓரம் விட்டு, எண் போட்டு, பத்தி பிரித்து. நானே மயங்கிப்போனேன். ஆனால் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ‘ஜமீன்தாரி’ என்ற சொல்லில் ‘ஜ’ கொஞ்சம் கோணலாகிவிட்டது, அடித்துத் திருத்தினேன். "என்ன டீச்சர் நிக்குது, பேனா ஓடலையா?" என்கிறாள். பேனா சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் போலும்.

கடைசிப் பெரிய கேள்வியைத் தொடவே நேரமில்லை. மணி அடித்துவிட்டது. அவள் யோசித்து யோசித்துச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

வெளியே வந்ததும், "எனக்கு அந்தக் கேள்வி நல்லாத் தெரியும் டீச்சர்" என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள். நான் வாங்கிக் கொடுத்த இளநீரை வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 8, திங்கள்

ஜாஸ்பர் கூப்பிட்டான். சுற்றி வளைத்துப் பேசினான். வெயில் எப்படி, சார் எப்படி, சர்க்கரை எப்படி. அப்புறம் மெதுவாக, "டீச்சர், உங்களுக்கு ரெண்டு நாள் அடுத்தடுத்து எழுதுனா கை வலிக்கும்லா? வேற ஆள் கெடைக்கான்னு பாக்கட்டுமா?" என்றான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு ஒரு வலியும் இல்ல" என்றேன்.

"இல்ல டீச்சர், அவ ஒண்ணும் குத்தமாச் சொல்லல. கொஞ்சம் வேகமா எழுதுத ஆளாக் கெடைக்குமான்னுதான்..."

இரண்டு மணி நேரம் கழித்து அவனே மறுபடியும் கூப்பிட்டான். ஆள் கிடைக்கவில்லையாம். நீங்களே போயிருங்க டீச்சர் என்றான். நான் போகிறேன். ஆள் கிடைக்காமல் நிற்பவளைக் கைவிடுவது கிறிஸ்தவ குணமல்ல. மனசுக்குள் கொதித்தது என்பது வேறு.

ஜூன் 13, சனி

இரண்டாம் தாள். ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். வேகம்தானே வேண்டும்? இந்தா பிடி என்று எழுதினேன். சுழி வந்தால் வந்தது, கொம்பு விழுந்தால் விழுந்தது. கண்காணிப்பாளர் ஒரு கிழவர், மூலையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

அவள் ஒரு தடவைகூட மேஜையைத் தட்டவில்லை. எல்லாக் கேள்வியும் முடிந்து நேரம் மிச்சமிருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள். என் எழுத்தே எனக்கு இரண்டு இடத்தில் புரியவில்லை. கோழி கிண்டிய மாதிரி இருந்தது.

வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இன்னைக்குத்தான் நான் பரீட்சை எழுதுனேன். தெரிஞ்சது பூராவும் எழுதிட்டேன். நாளைக்கும் இப்படியே எழுதித் தந்திருவியளா?" கண்ணோரம் தண்ணீர் நின்றது. நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாள். என்னைக் காசு எடுக்க விடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தாள்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. எவரோ ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, யார் எழுதிய கிறுக்கல் இது என்று நினைப்பார். முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர் என்று என் பெயர் வேறு போட்டிருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் தேர்வுக்குப் போனேன். எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

இன்று கண்காணிப்பாளர் ஒரு பெண் பேராசிரியை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. முதல் அரை மணி நேரம் நேற்றைப் போலவே வேகமாகத்தான் எழுதினேன். இது சத்தியம். அப்புறம் அந்த அம்மாள் என் பின்னால் வந்து நின்றார்.

"எந்த ஸ்கூல் டீச்சர் நீங்க?"

சொன்னேன்.

"அவசரமா எழுதும்போதே இப்படி இருக்கே. நிதானமா எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும் போல" என்றார். அடுத்த அறையிலிருந்த இன்னொரு அம்மாளையும் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க பசங்க எழுத்தெல்லாம் பாத்துக் கண்ணு போச்சு. இதப் பாருங்க."

எத்தனை வருடமாயிற்று ஒருவர் அப்படிச் சொல்லி? இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கிறுக்க முடியும்? நான் அடுத்த பக்கம் திருப்பினேன். ஓரத்தில் கோடு கிழித்தேன். ஸ்கேல் இல்லை, ஹால் டிக்கெட்டின் விளிம்பை வைத்துக் கிழித்தேன்.

டொக் டொக்.

"டீச்சர், யாரு நின்னா நமக்கென்ன? எழுதுங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"எழுதிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன். பேராசிரியை சிரித்தார். அவர் போய்விட்டு வந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ‘ஆகா’ என்பது போல் தலையசைத்தார்.

டொக் டொக் டொக். அப்புறம் கொஞ்ச நேரத்தில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். வாக்கியங்களைச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னாள். கடைசியில் வெறும் பாயிண்டாகச் சொன்னாள். நான் எண் போட்டு, எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு எழுதினேன்.

மணி அடித்தபோது இரண்டு பெரிய கேள்விகள் பாக்கி. கையிலிருந்த கேள்வியும் பாதியில் நின்றது. பேராசிரியை வந்து தாளை எடுத்துக்கொண்டார். போகும்போது அதைத் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். பிரம்மசக்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். நிலவரி, பஞ்சம், குடிமக்கள் வெளியேறியது என்று வேக வேகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தாளை வாங்கிவிட்டார்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வாக்கியத்தை முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எழுதிட்டியளா டீச்சர்?" என்றாள்.

"நேரமாயிட்டும்மா."

அவள் கம்பை விரித்துக்கொண்டு எழுந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், "வேண்டாம், நான் போயிக்கிடுதேன்" என்றாள்.

பாஸ் மார்க்குக்கு வேண்டியது எழுதியாயிற்று என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சமாக எழுதினாலும் சுத்தமாக எழுதினால் மார்க் தானாக வரும். இதை நான் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19

மின்விசிறி துடைத்தேன். விசிறி நின்ற நேரத்தில் இவர், "அந்தப் பிள்ள கடைசிப் பரீட்சை எப்படி எழுதுச்சு?" என்று கேட்டார். நல்லா எழுதிச்சு என்றேன்.

ஜூலை 24, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஜாஸ்பர்தான் சொன்னான்.

முதல் தாளில் நாற்பத்திரண்டு. பாஸ். இரண்டாம் தாளில் அறுபத்தெட்டு. மூன்றாம் தாளில் முப்பத்தாறு. நாற்பது வேண்டும்.

கோழி கிண்டிய தாளுக்கு அறுபத்தெட்டாம்! அச்சடித்த மாதிரி எழுதியதற்கு முப்பத்தாறாம்! திருத்துகிறவர்களுக்கு ஒரு ரசனையும் கிடையாது. இந்தக் காலத்தில் எல்லாமே அவசரம்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் பிள்ளைகிட்டப் பேசினியா?" என்றார்.

"எதுக்கு? நான் என்ன செஞ்சேன்? அவ சொன்னத எழுதினேன்."

"சொன்னது பூராத்தையுமா?" என்று கேட்டுவிட்டுக் குருவிக்குத் தண்ணீர் வைக்க மாடிக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கீழே இறங்கவில்லை.

போனில் அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் என்ன பேசுவது? அவளே கூப்பிடட்டும்.

ஜூலை 31

கெடு இன்றோடு முடிந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 5, புதன்

மார்க்கெட்டில் ஜாஸ்பரைப் பார்த்தேன். பிரம்மசக்தி இருந்த இடத்தில் திங்கட்கிழமையே வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டதாம். அவள் வீட்டிலிருந்தபடியே, அடுத்த வீட்டுப் பெண்கள் சுற்றும் பீடியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறாளாம். நவம்பரில் அந்த ஒரு தாளை மறுபடியும் எழுதுவாளாம். எழுதிப் பாஸானாலும் அந்த வேலை இனி இல்லை.

"எதுக்கு எழுதணும் பின்ன?" என்றேன்.

"டிகிரி முடிக்கணும்னு சொல்லுதா டீச்சர். மகளுக்குக் காட்டணுமாம்."

கத்தரிக்காய் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி சொத்தை.

ஆகஸ்ட் 8, சனி

ஜாஸ்பரின் குழு நன்றி விழா நடத்துகிறது. வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, சமுதாயக் கூடத்தில். எழுதிக் கொடுத்த எல்லாருக்கும் பொன்னாடை, சான்றிதழ். மூத்தவள் என்பதால் எனக்கு முதல் மரியாதை. யாருக்கு எழுதிக் கொடுத்தார்களோ அவர்களே மேடைக்கு வந்து பொன்னாடை போர்த்துவார்களாம். புது யோசனை என்கிறான். நான் யோசித்துப் பார்த்தேன். வர மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அது கிடைக்கவில்லை.

அதோடு ஓர் உதவி வேறு கேட்டான். "சான்றிதழ்ல பேரெல்லாம் நீங்கதான் எழுதணும் டீச்சர். உங்க எழுத்து மாதிரி வருமா?" கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 12

சான்றிதழ்கள் எழுதி முடித்தேன். இதற்கு அவசரமில்லை, யாரும் தட்டவில்லை. ‘தன்னலமற்ற சேவையைப் பாராட்டி’ என்று அச்சாகியிருந்த இடத்துக்குக் கீழே ஒவ்வொரு பெயராக எழுதினேன். என் பெயரையும் நானேதான் எழுதிக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுப்பது?

இவர் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். கிண்டலாவது பண்ணியிருக்கலாம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பட்டுச்சேலை கட்டினேன். இவர் தலைவலி என்று வரவில்லை. கூடம் நிறைந்திருந்தது. வயலட் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாளுக்காக எத்தனை நாள் ஆசைப்பட்டேன்! இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மேடைக்குப் பக்கத்து அறையில் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பொன்னாடை. என் பேச்சுக் குரல் கேட்டதும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"நீ வருவேன்னு நான் நெனைக்கல."

"ஜாஸ்பர் அண்ணன் கூப்பிட்டாவ. வராம இருக்க முடியுமா? நவம்பர்ல எழுத எனக்கு இன்னொரு ஆள் அவியதான் தரணும்."

மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். நல்லாப் படிக்கா என்றாள். அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜாஸ்பர் பேசினான். டீச்சரின் கையெழுத்தைப் பற்றியே பேசினான். தேர்வு மையத்துப் பேராசிரியையே வியந்து பாராட்டியதாகச் சொன்னான். நான்தான் இதை அவனிடம் சொல்லியிருந்தேன். சான்றிதழ் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். கைத்தட்டு ஓய வெகுநேரம் ஆயிற்று.

பிரம்மசக்தியை மேடையில் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் பொன்னாடையை விரித்துக்கொண்டு காற்றில் துழாவினாள். கை என் முகத்தில் பட்டது. "தோளு எங்கன இருக்கு டீச்சர்?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து என் தோளில் வைத்தேன். பீடி இலை வாடை அடித்தது. பொன்னாடையை இரண்டு பக்கமும் சரிசமமாக இழுத்துவிட்டாள். அப்படிச் செய்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க எழுத்து அம்புட்டு அழகாமே டீச்சர். எல்லாரும் சொல்லுதாவ. நாந்தான் பாக்கல."

குரலில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். போட்டோகிராபர், "ரெண்டு பேரும் இங்க பாருங்கம்மா, சிரிங்க" என்றார். அவள், அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் சிரித்தேன்.